ஊசிக்கு ஒரு பொலிஸ் முறைப்பாடு

புள்ளையள், உளநலப் பிரிவுக்குப் புதுசா வந்திருக்கிற உங்களுக்கு அனுபவம் சொல்லச் சொல்லி என்னக் கூப்பிட்டிருக்காங்க. வேலையில இருக்கக்குள்ள கூட்டத்தில அஞ்சு நிமிசம் வாய் திறக்க விடாத ஆக்கள்தான் கூப்பிட்டதும். ஓய்வு பெற்ற நேர்ஸுக்கு ஆரும் பயப்பிடத் தேவையில்ல. ஒரு மாலையப் போட்டு, ஒரு ரீயக் குடுத்து, கையத் தட்டினால் எழும்பிப் போயிருவா. நானும் போயிருவன். அதுக்கு முதல் நான் செஞ்ச ஒரு பிழையச் சொல்லிப்போட்டுப் போறன்.

ஊசி எப்பிடிப் போடுற, பதிவேடு எப்பிடி எழுதுற எண்டெல்லாம் உங்களுக்குப் படிப்பிச்சிருப்பாங்க. அத நான் தொடமாட்டன். நெருக்கடி வாற நேரம் மனிசன் எப்பிடி மடத்தனமா யோசிப்பான் எண்டு ஆரும் படிப்பிக்கிறதில்ல. அதுக்கு நான் இருக்கன்.

அப்ப இஞ்ச ஒரு நீதவான் இருந்தார். நல்ல மனிசன். இத முதலே சொல்லிப்போடுறன், ஏனெண்டால் இந்தக் கதையில கெட்ட மனிசர் ஒருத்தருமில்ல. நல்ல மனிசர் எல்லாரும் கூடிக் கூட்டம் வைச்சதாலதான் இவ்வளவும் நடந்தது.

பொலிஸ் மனசு சுகமில்லாத ஒரு வருத்தக்காரனக் கொண்டுவந்து கூண்டில நிப்பாட்டுவாங்க. டொக்டர்ர அறிக்கை எங்க எண்டு ஐயா கேப்பார். ஆளக் காட்டினால்தானே அறிக்கை எண்டு டொக்டர் சொல்லுவார். ஆளக் காட்ட வாகனம் எங்க எண்டு பொலிஸ் கேக்கும். இப்பிடியே மாறி மாறிக் கேட்டு முடிய அடுத்த தவணைக்குத் திகதி போடுவாங்க. அந்த மனிசன் கூண்டில நிண்டு மேல ஓடுற மின்விசிறியப் பாத்துச் சிரிச்சுக்கொண்டு நிப்பான். அவனுக்கு மட்டும்தான் அந்த இடத்தில சிரிக்கத் தோணும். ஐயாவுக்குப் பொறுக்கல்ல. எல்லாத் திணைக்களத்தையும் கூப்பிட்டு ஒரு ஒருங்கிணைப்புக் குழு போட்டார்.

குழு எண்டால் பெரிய குழு. பொலிஸ், சுகாதாரம், பிரதேச செயலகம், பிரதேச சபை, இன்னும் ஆரார் எல்லாமோ. பெட்டீஸ், ரோல்ஸ், கேக் துண்டு. வட்சப்பிலயும் ஒரு குரூப். விடிஞ்சால் அதில ரோசாப்பூ வரும். வாகனம் தாங்க எண்டு நான் கேட்டால் நீலச் சரி ரெண்டு விழும், பதில் வராது. ஒரு திணைக்களம் முதல் மூணு கூட்டத்துக்கும் தங்கட சாரதியத்தான் அனுப்பிச்சு. பாவம், அந்த மனிசன்தான் உருப்படியான கேள்வி கேட்ட ஒரே ஆள். "வாவிக்கு அந்தக் கரையில இருக்கிற வருத்தக்காரர் எப்பிடி வருவாங்க?" எண்டு கேட்டார். கூட்டம் அடுத்த விசயத்துக்குப் போயிற்று. அவர் சாரதிதானே.

குழு எடுத்த முடிவு இதுதான். மாசத்தில ஒரு வியாழக்கிழமை கோட்டுக்கு, அதான் நீதிமன்றத்துக்கு, பின்னால இருக்கிற மண்டபத்தில உளநலக் கிளினிக். நீதவான் அங்க, பொலிஸ் அங்க, டொக்டரும் அங்க. கோட்டுக் கட்டளை உள்ள ஆக்களப் பொலிஸே வாகனத்தில ஏத்திக்கொண்டு வரும். கேக்க நல்லாத்தான் இருந்தது, நானும் கைதட்டினன். ஆனா அதுக்கு முதல் மாசா மாசம் ஒரு வேனில ஏறி, வாவியச் சுத்திப் போய், படுவான்கரையில நாலு ஊரில நாங்க ஊசி போட்டுக்கொண்டு இருந்தம். கோட்டில கிளினிக் வந்த உடன, ஒரே வேலைய ரெண்டு தரம் செய்ய ஏலாது எண்டு மேலிடம் அந்த வேன நிப்பாட்டிப்போட்டுது. தலையிடிக்குத் தலகாணிய மாத்தினாங்க, இருந்த தலகாணியும் போயிற்று.

வெளியூர்ப் புள்ளையளுக்காகச் சொல்றன். வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரை. ரவுண், ஆசுபத்திரி, கோடு எல்லாம் இஞ்சதான். அந்தப் பக்கம் படுவான்கரை. வயல் வட்டையும் குளமும் ஊருகளும். அங்கயிருந்து வாற ஆள், பாதை எண்டு நாங்க சொல்ற அந்த இரும்பு மிதவையில ஏறி, மோட்டார் சைக்கிளுக்கு நடுவில நிண்டு கடந்து, மறுகா பஸ் புடிக்கவேணும். சுகமில்லாத ஒருத்தனப் பாதையில ஏத்திப் பாருங்க. நடு வாவியில அவன் எழும்பி நிண்டால் போதும், மிச்சம் எல்லாரும் கும்பிடத் தொடங்கிருவாங்க.

அப்பிடி இருக்கக்குள்ளதான் யோகராணி வந்தா. அவட தம்பி தவராசா எங்கட பழைய வேன் கிளினிக்கில மாசா மாசம் ஊசி போட்ட பொடியன். முப்பது வயசுக்குக் கிட்ட இருக்கும். தாய் தகப்பன் இல்ல, அக்காவும் அத்தானும் ரெண்டு புள்ளையளும்தான். ஊசி இருந்தால் அவனப்போல வேலைக்காரன் அந்த வட்டையில இல்ல. வேன் நிண்டு மூணு மாசம்.

"மிஸ், அவன் சாப்பிடுறானில்ல, கதைக்கிறானில்ல. குளத்துக்க இறங்கிக் கழுத்துவரை தண்ணியில நிக்கான். நானும் அவரும் மாறி மாறிக் காவல் இருக்கம். ஒரு நாளைக்குக் கண் அயந்தால் அவன் இல்ல மிஸ்" எண்டா.

"இஞ்ச கூட்டிவர ஏலாதா?"

"பாதைக்கிட்ட வந்தாலே கிறுகி ஓடுறான். பிள்ளையார்ர காலப் புடிச்ச மாதிரி உங்கட காலப் புடிக்கிறன், வேன விடுங்க மிஸ்."

வேன் என்ட சேலைத் தலைப்பிலயா கட்டிக் கிடக்கு? அலுவலகத்துக்குப் போன் எடுத்தன். கோட்டுக் கட்டளை இருக்கா எண்டு கேட்டாங்க. இல்லையெண்டன். அப்ப பொலிஸ் கொண்டுவராது, ஆக்களச் சொந்தமா வரச் சொல்லுங்க எண்டாங்க. பக்கத்தில நிண்ட பொலிஸ் சார்ஜன் இதக் கேட்டுக்கொண்டு நிண்டார். ஓட்டமாவடி மனிசன், இளகின மனசு.

"மிஸ், நான் ஒண்டு சொல்றன் கோவிக்காதீங்க" எண்டார். "முறைப்பாடு ஒண்டு இரிந்தால் நான் இப்பயே ஜீப்ப எடுப்பன். முறைப்பாட்டு நம்பர் இல்லாட்டி டீசல் இல்ல. இதான் நம்மட ஊட்டு நிலவரம்."

எனக்கு மூளையில பளிச்செண்டு வெளிச்சம் அடிச்சது. மூளையில வெளிச்சம் அடிக்கிற நேரம் புள்ளையள், கண்ணப் பொத்திக்கொண்டு கொஞ்சம் இருங்க. நான் இருக்கல்ல.

"யோகராணி, தம்பி உன்ன வெருட்டினானா?"

"ஐயோ இல்ல மிஸ். அவன் வாயே திறக்கிறானில்ல."

"சும்மா ஒண்டச் சொல்லு கா. அவனக் கொண்டுவாறதுக்குத்தானே. எதையாவது தூக்கினானா?"

அவ முழிச்சா. குத்தமே செய்யாத மனிசிக்குக் குத்தம் யோசிக்கத் தெரியாதுதானே. நான்தான் எடுத்துக் குடுத்தன். வட்டைக்காரன்ட வீட்டில என்ன இருக்கும்? மண்வெட்டி. "மண்வெட்டியத் தூக்கி, வெட்டிப்போடுவன் எண்டு சத்தம் போட்டு வெருட்டினான்" எண்டு சார்ஜன் எழுதினார். வாய் திறக்காத மனிசன் சத்தம் போட்டு வெருட்டினதா எழுதிப்போட்டம். யோகராணி பேனையத் திருப்பி என்னட்ட நீட்டி, மறுகா தானே வாங்கிக் கையெழுத்து வைச்சா. நல்ல காரியத்துக்குத்தானே எண்டு என்னையே தேத்திக்கொண்டன்.

அடுத்த நாள் ஜீப் போச்சு. நாலு பேர் சேந்து பூப்போல ஏத்திக்கொண்டு வந்தாங்க. ஐயா கட்டளை போட்டார், டொக்டர் பாத்தார், ஊசி ஏறிச்சு. ரெண்டு மாசத்தில தவராசா சேட்டுப் போட்டு, தல இழுத்து, தானா வந்தான். தவணைக்குத் தவணை கூண்டில ஏறுவான், முறைப்பாட்ட வாசிப்பாங்க, தலையக் குனிஞ்சுகொண்டு கேப்பான், மறுகா பின்னால வந்து ஊசி போடுவான். கூட்டத்தில நான் அவன வெற்றிக் கதையா எழும்பி நிண்டு சொன்னன். ரோல்ஸ் சாப்பிட்ட கையாலயே எல்லாரும் தட்டினாங்க.

இந்தக் கரையில ஒரு வழி திறந்தால் அந்தக் கரையில தெரியாமப் போகுமா? அடுத்த மாசம் ரெண்டு குடும்பம் வந்துது. "மிஸ், எங்களுக்கும் அந்த மண்வெட்டிக் கடுதாசி ஒண்டு போட்டுத் தாங்க" எண்டாங்க, அஸ்வெசும உதவிக்காசு விண்ணப்பம் கேக்கிற மாதிரி. அவங்கட வீட்டிலயும் ஒரு புள்ள சாப்பிடாம, நித்திர கொள்ளாமக் கிடக்கு. நான் மாட்டன் எண்டு எப்பிடிச் சொல்ல? மறுகா மாசா மாசம் இன்னும் ஆக்கள் வந்தாங்க. சார்ஜனுக்கும் புதுசா வசனம் யோசிக்க நேரமில்ல, பழையதப் பாத்து அப்பிடியே எழுதினார். படுவான்கரையில தம்பி அக்காவ வெருட்டினதும் மண்வெட்டியால, மகன் தகப்பன வெருட்டினதும் மண்வெட்டியால, எழுபது வயசுக் கிழவி மருமகள வெருட்டினதும் மண்வெட்டியால. அந்தக் கிழவிக்குச் சொளகு தூக்கவே சீவனில்ல.

வழக்கெண்டால் வழக்குப் பொருள் வேணும். சார்ஜன் ஒவ்வொரு வீட்டு மண்வெட்டியையும் பேர்த் துண்டு கட்டிக் கோட்டில ஒப்படைச்சார். சாமான் அறையில மண்வெட்டி குவிஞ்சிற்று. விதைப்புக் காலம் வந்தது. வரம்பு கட்ட மண்வெட்டி இல்லாம சனம் கோட்டு வாசலில வந்து நிக்குது. "ஐயா, வழக்க நீங்களே வைச்சிருங்க, மண்வெட்டிய மட்டும் தந்து விடுங்க" எண்டு ஒரு மனிசன் பதிவாளரக் கும்பிட்டத நான் கண்ணால கண்டன்.

இதுக்குள்ள நீதவான் ஐயாவுக்கு யோசனை பிடிச்சிற்று. அடுத்த கூட்டத்தில கேட்டார்: "படுவான்கரையில கத்தி இல்லையா? கோடாலி இல்லையா? ஏன் எல்லாரும் மண்வெட்டியையே தூக்குறாங்க?" நல்ல கேள்வி. நான் கேக் துண்டப் பாத்துக்கொண்டு இருந்தன். இதுக்கு விளக்கம் சொல்ல ஒரு நிபுணர எங்கயோ இருந்து கூப்பிட்டாங்க. அவர் திரையில படம் போட்டு, மண்ணுக்கும் உழவன்ட மனசுக்கும் இருக்கிற உறவு அறுந்துபோனதால அடக்கின கோவம் மண்வெட்டி வழியா வெளிய வருது எண்டு ஒரு மணித்தியாலம் பேசினார். எனக்கே கொஞ்ச நேரம் உண்மையா இருக்குமோ எண்டு பட்டுது. சார்ஜன் குறிப்பெடுத்தார்.

சிரிக்காதீங்க. சிரிக்கிற பகுதி இவ்வளவுதான்.

நிபுணர் பேசி முடிய எல்லாருக்கும் பயம் புடிச்சிற்று. ஒரு நாளைக்கு ஒருத்தன் உண்மையா வெட்டினால் ஆர் பொறுப்பு எண்டு கேட்டாங்க. ஆர் பொறுப்பு எண்ட கேள்வி ஒரு கூட்டத்தில விழுந்தால் ஆரோ ஒரு பாவி தொலைஞ்சான் எண்டு அர்த்தம். முதல் மண்வெட்டி வழக்கு எது எண்டு பாத்தாங்க. தவராசா. அவனக் கொழும்புப் பக்கத்துப் பெரிய உளநல ஆசுபத்திரிக்கு அனுப்பி, மறு கட்டளை வரும்வரை வைச்சுப் பாக்கிறது எண்டு ஐயா தீர்மானிச்சிற்றார். பாதுகாப்புக்கு எண்டார்.

மறு கட்டளை வரும்வரை எண்டால் என்ன எண்டு எனக்குத் தெரியும். அந்த ஐயா மாறிப் போவார், புது ஐயாவுக்குக் கோப்புத் தெரியாது, கோப்பு அலுமாரிக்குப் பின்னால விழும். ஒரு மாசத்துக்கெண்டு போய், தல நரைச்சு, தமிழும் மறந்து வந்த மனிசர நான் பாத்திருக்கன். இவன் சுகமான மனிசன். வட்டையில பயிர் நிக்குது.

தவணை அண்டைக்கு யோகராணி கோட்டு வாசலில ஒரு பையோட நிண்டா. தம்பிட சாரம், துவாய், ரெண்டு சேட்டு. கட்டளைய வாசிக்க முதலே மனிசி உடுப்புக் கட்டிக்கொண்டு வந்திற்றா.

"மிஸ், நீங்க சொன்ன மாதிரித்தானே செஞ்சன்" எண்டா. கோவமில்ல, அழுகையில்ல, கேள்வி மட்டும்தான். கன்னத்தில அறைஞ்சிருந்தால் எனக்கு ஆறுதலா இருந்திருக்கும்.

சார்ஜன் என்னத் தூணுக்குப் பின்னால கூப்பிட்டார். "மிஸ், வாயத் திறந்திராதீங்க. பொய் முறைப்பாடு பெரிய குத்தம். நீங்களும் போவீங்க, நானும் போவன், அந்தப் புள்ளையும் உள்ள போவா. அவன் ஆசுபத்திரிக்குத்தானே போறான், மறியல் கம்பிக்குள்ளயா போறான்?"

அவர் சொன்னதில நியாயம் இருந்தது. எனக்கு ஓய்வுக்கு எட்டு மாசம். டொக்டர் லீவில. முறைப்பாட்ட வாபஸ் வாங்கச் சொல்லலாம் எண்டு யோசிச்சன். பயத்தில வாங்கிறா எண்டு சொல்லித் தள்ளிருவாங்க. நான் பேசினால் யோகராணியும் மாட்டுவா. பேசாட்டித் தவராசா போயிருவான். வழக்க வாசிச்சாங்க, அவன் கூண்டில தலையக் குனிஞ்சு நிண்டான். ஐயா பேனையத் தூக்கினார். நான் எழும்பிப்போட்டன்.

"ஐயா, கட்டளைக்கு முதல் தனிய ஒரு விசயம் சொல்லவேணும்."

கோட்டே திரும்பிப் பாத்தது. அவர் என்ன நினைச்சாரோ, பத்து நிமிசம் ஒத்திவைச்சு என்ன அறைக்குக் கூப்பிட்டார். நான் ஒண்டும் மறைக்கல்ல. வேன் நிண்டது, யோகராணி வந்தது, மண்வெட்டிய எடுத்துக் குடுத்தது நான், எழுதச் சொன்னதும் நான் எண்டன். சார்ஜன்ட பிழையையும் யோகராணிட பிழையையும் என்ட தலையில போட்டுக்கொண்டன்.

"எத்தின மண்வெட்டி உண்மை?" எண்டு கேட்டார்.

"ஒண்டுமில்ல ஐயா."

"வாகனமில்ல எண்டு ஏன் என்னட்டச் சொல்லல்ல?"

"ஒவ்வொரு கூட்டத்திலயும் சொன்னன் ஐயா. கூட்டக் குறிப்ப எடுத்துப் பாருங்க."

எடுத்துப் பாத்தார். "வாகன வசதி பற்றித் தாதி உத்தியோகத்தர் எடுத்துக் கூறினார். கவனத்தில் எடுக்கப்பட்டது." அடுத்த மாசமும் அதே. அதுக்கடுத்த மாசமும் அதே. எல்லாத்துக்கும் கீழ அவர்ர கையெழுத்து.

"மிஸ், இதுக்கு உங்கள நான் உள்ளுக்குப் போட ஏலும், தெரியுமா?"

"தெரியும் ஐயா. அதுக்கு ஜீப்பில டீசல் இருக்கு." என்ட வாய் அப்பிடி, சாகப்போற நேரத்திலயும் சும்மா கிடக்காது. அவர் சிரிக்கல்ல. மூக்குக் கண்ணாடியக் கழட்டித் துடைச்சார், நிறைய நேரம் துடைச்சார்.

மறுகா வெளிய வந்து, அனுப்புற கட்டளைய எழுதாம, வழக்க, ஊராக்கள் பேசிச் சமாதானமாக்குற மத்தியஸ்த சபைக்குப் பாரப்படுத்தினார். மற்ற மண்வெட்டியெல்லாம் அதே வழியால ஒவ்வொண்டா வீட்டுக்குப் போச்சு. அடுத்த மாசத்தில இருந்து வேன் படுவான்கரைக்குப் போகவேணும் எண்டு மேலிடத்துக்குக் கோட்டில இருந்தே கடிதம் போனது. நீங்க இப்ப ஏறிப் போற வேன் அதுதான். எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது, நல்லா வாங்கிக் கட்டினன். அது எனக்குத் தகும்.

இதோட முடிச்சால் நானும் ஒரு பெரிய மனிசிதான். நீங்களும் கைதட்டலாம். கொஞ்சம் பொறுங்க.

அண்டைக்குக் கோட்டுப் படியில நான் முகத்தத் துடைச்சுக்கொண்டு நிக்கிறன். தவராசா வந்தான். அறைக்குள்ள என்ன பேசினம் எண்டு அவனுக்குத் தெரியாது.

"மிஸ், அக்கா என்ன மன்னிச்சிற்றாவா?" எண்டான்.

"எத மனே?"

"மண்வெட்டிய." சொல்லிப்போட்டு அக்கா நிக்கிற பக்கம் பாத்தான். "எனக்கு அந்த மூணு மாசம் ஒண்டும் ஞாபகமில்ல மிஸ். ஆனா தவணைக்குத் தவணை வாசிக்கிறாங்கதானே. என்னத் தூக்கி வளத்த அக்காவ. ரெண்டு புள்ளையளும் நிக்கக்குள்ள. திரும்பவும் வந்தால் என்ன செய்ய எண்டுதான் நான் வீட்டில படுக்கிறதில்ல. வட்டையில காவல் குடில், அந்த வாடியிலதான் படுக்கிறன். அக்கா சோறு கொண்டுவந்தால் வரம்பில வைச்சிற்றுப் போகச் சொல்றன். அவ கிட்ட வந்தால் என்ட கைய நான் பின்னால கட்டிக்கொள்ளுவன்."

அவன் வாடியில படுக்கிறது எனக்குத் தெரியும் புள்ளையள். கிளினிக்கில கேட்டன், சொன்னான். தனிய இருக்கப் பழகிற்றார், நல்ல முன்னேற்றம் எண்டு என்ட கையாலதான் எழுதினன்.

இன்னுமொண்டு. இத நான் இவ்வளவு நேரமும் உங்களுக்குச் சொல்லல்ல, வெக்கத்தில. தம்பிக்கு உண்மையச் சொல்லட்டா எண்டு யோகராணி என்னட்ட ரெண்டு தரம் கேட்டவ. வேணாம், கூண்டில நிண்டு உளறிருவான், வழக்கு முடியட்டும் எண்டு தடுத்தது நான்தான்.

படியில நிண்டே சொல்லிப்போட்டன். நீ ஒண்டும் தூக்கல்ல மனே, ஒரு சொல்லும் சொல்லல்ல, அது நான் எழுதிவிச்ச பொய் எண்டன். ஏசுவான் எண்டு நினைச்சன். அடிச்சாலும் வாங்குவன் எண்டு நிண்டன். அவன் மெதுவாக் கேட்டான்.

"இது ஆருக்கெல்லாம் தெரியும் மிஸ்?"

"எனக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரியும். சார்ஜனுக்கு. உங்கட ஊரில பாதிச் சனத்துக்கு. இப்ப ஐயாவுக்கும்."

"ஓ" எண்டான். "அப்ப எனக்கு மட்டும்தான் தெரியாது."

பையோட நிண்ட அக்காவ நோக்கிப் படியால இறங்கிப் போனான்.